கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு டீசல் ரயில் என்ஜின்களைப் படம் எடுக்க முடியுமா? எங்கே, எப்படி எடுப்பது?

முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும். திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி பாதை 1979-லும், திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981-லும் திறந்தன. அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக இங்கே மின்கம்பியே கிடையாது. அந்தக் காலத்தில் நீங்கள் கேட்டிருந்தால், ஏதாவது ஒரு லெவல் கிராசிங்கில் போய் நில்லுங்கள் என்பதோடு பதிலை முடித்திருப்பேன். இன்று பயணிகள் வண்டியை மின்சார என்ஜின்தான் இழுக்கிறது. ஜல்லி வண்டி, பாதை வேலைக்கு வரும் வண்டி, கம்பியைப் பழுதுபார்க்கும் டவர் கார் என்றுதான் டீசல் தலைகாட்டும். புயலில் மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் டீசலைத்தான் கூப்பிட வேண்டும்.

படம் எடுக்க ஒரே ஒரு இடம் சொல்லச் சொன்னால் ஆரல்வாய்மொழியைச் சொல்வேன். தோவாளை தாண்டினதும் மலை பாதையை ஒட்டி வந்துவிடும். அந்தப் பக்கம் முப்பந்தல் காற்றாலைகள். என்ஜினை மட்டும் சட்டகம் முழுக்க அடைத்து எடுத்தால் அது ஈரோட்டில் எடுத்ததா, இட்டார்சியில் எடுத்ததா என்று யாருக்கும் தெரியாது. மலையும் காற்றாடியும் சேர்ந்து வரட்டும். என்ஜின் படத்தில் நாலில் ஒரு பங்கு இருந்தால் போதும். நாஞ்சில் நாட்டு வயலும் குளமும் தெரிகிற இடங்களுக்கும் இதையே சொல்வேன். ரயில் படத்தில் ஊர் தெரிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். கூரை வெளுத்து, சக்கரமும் அதைத் தாங்கும் அடிச்சட்டமான போகியும் கறுத்துப்போகும். அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் உச்சி வெயில் வடக்குப் பக்கமிருந்து விழும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கமிருந்து. டெல்லிக்காரர் எழுதிய குறிப்பை வைத்துக்கொண்டு இங்கே நின்றால் மே மாதத்தில் கணக்கு மாறிவிடும். ஆகவே காலை எட்டரைக்கு முன்னால், மாலை நாலு மணிக்குப் பின்னால். நாகர்கோவிலில் இருந்து ஆரல்வாய்மொழிக்குப் பாதை வடகிழக்காகப் போகிறது. காலையில் திருநெல்வேலி பக்கம் போகிற வண்டியின் முகத்தில் வெயில் விழும். மாலையில் நாகர்கோவிலுக்கு வருகிற வண்டிக்கு. ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த மறுநாள் காலை மலை மடிப்பு மடிப்பாகத் தெரியும். அந்தக் காலையை விடாதீர்கள்.

ஷட்டர் வேகத்துக்கு எளிய கணக்கு உண்டு. நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடும். 1/1000 நொடியில் மூன்று சென்டிமீட்டர். தூரத்தில் நின்று எடுக்கும்போது அந்த நகர்வு படத்தில் தெரியாது; பக்கவாட்டில் கிட்ட நின்றால் தெரியும். கம்பங்கள் இன்னொரு தொல்லை. இரட்டைப் பாதையாகிவிட்ட இடத்தில் இரண்டு பக்கமும் கம்பம் நிற்கும், அதனால் வளைவில் இடம் தேடுங்கள்.

புகை வேண்டுமென்றால் பழைய ஆல்கோ வகை (அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் வடிவமைப்பு) என்ஜின் நின்று கிளம்புகிற இடத்துக்குப் போங்கள். டிரைவர் நாட்ச் (வேகப் பிடியின் படி) ஏற்றியதும் எரிபொருள் உடனே பாய்ந்துவிடும். டர்போ வேகம் பிடித்துக் காற்றைத் தள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வருவதுதான் கரும்புகை. வாரணாசியில் 1964 முதல் கட்டிய 2600 குதிரைத்திறன் டபிள்யூ.டி.எம்-2 இந்த வகை. பின்னால் வந்த டபிள்யூ.டி.ஜி-4, டபிள்யூ.டி.பி-4 வகையில் இந்தப் புகையை எதிர்பார்க்காதீர்கள். அவை இரண்டு ஸ்ட்ரோக், ஆல்கோ நாலு ஸ்ட்ரோக். கண்ணை மூடிக்கொண்டே சத்தத்தில் பிரித்துச் சொல்லிவிடலாம்.

தண்டவாளத்தில் மட்டும் இறங்க வேண்டாம். ரயில்வே சட்டம் 147-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிர் அதைவிடப் பெரிது. கேட் கீப்பரிடம் போய் விஷயத்தைச் சொல்லுங்கள். "மக்களே, அங்கன நிக்கண்டாம், இஞ்ச வந்து நில்லு" என்று அவரே நல்ல இடம் காட்டிய அனுபவம் எனக்கு உண்டு.

பாரம்பரியப் பாதையில் டீசல் வேண்டுமென்றால் நீலகிரிக்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பல்சக்கரப் பகுதியின் நீராவி என்ஜினைத்தான் எல்லாரும் எடுக்கிறார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி வரை ஓடுவது ஒய்.டி.எம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல். கேத்தி, லவ்டேல் பக்கம் மூடுபனியில் அது வருவதை எடுத்துப் பாருங்கள். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் 2010 வரை மீட்டர்கேஜ் ஓடியது. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தபிறகும், கம்பி வரும் வரை, முன்னும் பின்னும் டீசல் பூட்டித்தான் ஏற்றினார்கள். கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் அந்தக் காலப் படம் வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் டெல்டிக் என்ற டீசலை மொத்தம் 22 கட்டினார்கள். ஓய்வுபெற்ற பிறகு ஆறைக் காப்பாற்றிவிட்டார்கள். செவர்ன் வேலி போன்ற பாரம்பரியப் பாதைகளில் பழைய டீசல்களுக்கென்றே விழா நடத்தி ஓட்டுகிறார்கள். நம் அகலப்பாதை ஆல்கோவுக்கு அப்படி ஓடித் திரிய ஒரு பாதை இல்லையே என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால்தான் சாதாரண ஜல்லி வண்டியையும் விடாமல் எடுக்கச் சொல்கிறேன். எடுத்த படத்தோடு என்ஜின் எண், பக்கவாட்டில் எழுதியிருக்கும், என்ஜினைப் பராமரிக்கும் ஷெட் பெயர் (பொன்மலையோ ஈரோடோ எர்ணாகுளமோ), இடம், தேதி, எந்தப் பக்கம் போன வண்டி, எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.