வாசகர் கேள்வி–பதில்: எந்த ஸ்பார்க் பிளக்கிற்கு எந்த சாக்கெட்?

கேள்வி: என்னிடம் யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்றும் பழைய ஸ்பிளெண்டர் ஒன்றும் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி மாட்டும் சாக்கெட் ஸ்பேனர் வாங்க நினைத்துப் பட்டறையில் கேட்டபோது, "அது 14 எம்.எம். பிளக்" என்றார்கள். கடையில் 14 மி.மீ. சாக்கெட்டைக் கேட்டு வாங்கி வந்தேன். அது பிளக்கின் மேல் ஏறவே இல்லை. தவறு யாருடையது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பட்டறைக்காரர் சொன்னதும் சரி, கடைக்காரர் கொடுத்ததும் சரி. இருவரும் வெவ்வேறு அளவைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள் என்பதுதான் சிக்கல். எஞ்சினின் ஹெட்டுக்குள் திருகி இறங்கும் மரையின் விட்டம் ஓர் அளவு. சாக்கெட் கவ்விப் பிடிக்கும் அறுகோணத்தில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம் வேறோர் அளவு. பட்டறையில் "14 எம்.எம். பிளக்" என்று சொன்னால் அது மரையைக் குறிக்கும், சாக்கெட்டின் மேல் பொறித்திருக்கும் எண் அறுகோணத்தைக் குறிக்கும். ஆர்.எக்ஸ். 100 வண்டியின் பிளக்கில் மரை 14 மி.மீ., அறுகோணம் 20.8 மி.மீ. ஆகவே அதற்கு வேண்டியது 21 மி.மீ. சாக்கெட். ஸ்பிளெண்டரில் மரை 10 மி.மீ., அறுகோணம் 16 மி.மீ.; அதற்கு 16 மி.மீ. சாக்கெட் வேண்டும்.

மரை இவ்வளவு என்றால் அறுகோணம் இவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. 14 மி.மீ. மரையுள்ள பிளக்குகளிலேயே 20.8, 19, 16 என்று மூன்று அறுகோணங்கள் புழக்கத்தில் உள்ளன. அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துக் கார்களுக்கு 21 போதும். ஹெட்டில் வால்வுகள் கூடக் கூட, பிளக்கிற்குக் கிடைத்த இடம் சுருங்கியதால், பின்னால் வந்த கார்களில் அறுகோணம் 16 ஆகக் குறைந்தது; அண்மைக்கால எஞ்சின்கள் சிலவற்றில் மரை 12, அறுகோணம் 14 என்னும் அளவுக்கு இறங்கிவிட்டது. நீங்கள் வாங்கிவந்த 14 மி.மீ. சாக்கெட் அப்படிப்பட்ட எஞ்சினுக்குத்தான் உதவும். திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடுங்கள்.

பழைய கருவிப் பெட்டிகளில் 13/16, 5/8 என்று அங்குலத்தில் பொறித்த சாக்கெட்டுகள் கிடைக்கும். 13/16 அங்குலம் என்பது 20.64 மி.மீ.; 5/8 அங்குலம் என்பது 15.88 மி.மீ. கணக்குப்படி இவை பிளக்கைவிடச் சிறியவை போலத் தோன்றினாலும், சாக்கெட்டின் வாயைப் பொறித்த எண்ணைவிடச் சற்று அகலமாகவே வெட்டுவார்கள் என்பதால், 21-க்குப் பதில் 13/16, 16-க்குப் பதில் 5/8 என்று தயங்காமல் பயன்படுத்தலாம். தாத்தா காலத்துப் பெட்டி இருந்தால் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: பிளக்கைக் கழற்றிப் பார்க்காமலே அறுகோண அளவைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: உண்டு. வண்டியின் கையேட்டிலோ புதுப் பிளக்கின் அட்டைப் பெட்டியிலோ உள்ள குறியீட்டின் முதல் எழுத்துகளே அதைச் சொல்லிவிடும். என்.ஜி.கே. நிறுவனப் பிளக்குகளில் பெரும்பாலும் பி என்று தொடங்கினால் மரை 14, அறுகோணம் 20.8, சி என்று தொடங்கினால் 10, 16, டி என்று தொடங்கினால் 12, 18. ஆனால் பி என்னும் எழுத்தை அடுத்துச் சி அல்லது கே வந்தால், மரை அதே 14 ஆக இருக்க, அறுகோணம் மட்டும் 16 ஆகிவிடும். பி.பி.ஆர்.6.இ.எஸ். என்ற பிளக்கிற்கு 21 மி.மீ. சாக்கெட்டும், பி.கே.ஆர்.6.இ. என்ற பிளக்கிற்கு 16 மி.மீ. சாக்கெட்டும் வேண்டும். இரண்டாம் எழுத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் பலர். பாஷ் நிறுவனத்தின் குறியீட்டில் டபிள்யூ என்றால் 21, எஃப் என்றாலும் யு என்றாலும் 16. டென்சோவிலும் டபிள்யூ என்றால் 21, யு என்றால் 16 என்பது நமக்கு நல்வாய்ப்பு.

குறியீடு கிடைக்காவிட்டால் பழைய பிளக் ஒன்றை எடுத்து, வெர்னியர் காலிப்பரால் அறுகோணத்தின் தட்டையான பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளந்துகொள்ளுங்கள். முனையிலிருந்து முனைக்கு அளந்தால் எண் கூடுதலாக வரும், அது பயன்படாது.

கேள்வி: என்னுடைய காரில் பிளக்குகள் ஒரு சாண் ஆழக் குழிக்குள் இருக்கின்றன. உள்ளே ரப்பர் வைத்த சாக்கெட் நல்லதா, காந்தம் வைத்தது நல்லதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்படிப்பட்ட எஞ்சினில் பிளக்கைத் தளர்த்துவது எளிது, தளர்ந்த பிளக்கை மேலே தூக்குவதும், புதுப் பிளக்கைக் கீழே போடாமல் இறக்குவதும்தான் வேலை. அதற்காகத்தான் ரப்பரும் காந்தமும். ரப்பர் வளையம் பிளக்கின் மேற்பகுதியான பீங்கானின் கழுத்தைக் கவ்விப் பிடிப்பதோடு, பிளக்கைச் சாக்கெட்டின் நடுவிலும் நிறுத்துகிறது. கை சற்றுச் சாய்ந்தாலும் இரும்பு பீங்கானில் இடிப்பதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் ரப்பரின் பக்கம் நிற்கிறேன்.

அதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை நண்பரின் காரில் நான்காவது பிளக்கை இறுக்கிவிட்டு, சாக்கெட்டில் செருகும் நீட்டிப்புக் கம்பியான எக்ஸ்டென்ஷனை மேலே இழுத்தேன். எக்ஸ்டென்ஷன் மட்டும் கையோடு வந்தது. ரப்பரின் பிடி விடாததால் சாக்கெட் குழியின் அடியில் பிளக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்டென்ஷனின் சதுர முனையில் இருக்கும் சிறு குண்டு தேய்ந்து போயிருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. அந்த முனையில் இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, இறுக்கமாகச் சாக்கெட்டின் துளைக்குள் அழுத்தி, மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்தபிறகுதான் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஆழக் குழிகளுக்கு எக்ஸ்டென்ஷனும் சாக்கெட்டும் ஒரே உடலாக அமைந்த நீளச் சாக்கெட்டையே வைத்திருக்கிறேன். காந்தச் சாக்கெட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிளக்கைச் சாக்கெட்டின் வாய்க்குள் நழுவ விட்டால், காந்தம் அதைச் சடக்கென்று இழுத்துக்கொள்ளும்போது பீங்கான் அடிபட வாய்ப்புண்டு. கையால் பிடித்து மெதுவாகப் பொருத்துங்கள்.

குழி குறுகியது என்பதால் சாக்கெட்டின் சுவரும் மெல்லியதாக இருக்க வேண்டும். அளவு சரியாக இருந்தும் வெளிச்சுற்று பருத்திருப்பதால் குழிக்குள் இறங்காத சாக்கெட்டுகள் சந்தையில் நிறைய உண்டு.

கேள்வி: ஆறு முனைச் சாக்கெட், பன்னிரண்டு முனைச் சாக்கெட் ஆகியவற்றில் எதை வாங்கலாம்?
– வாசகர், ஓசூர்

பதில்: அறுகோணத் தலையுள்ள பிளக்கிற்கு ஆறு முனைதான் சிறந்தது; அது பக்கங்களைப் பிடிப்பதால், துருப்பிடித்து இறுகிய பிளக்கிலும் முனை மழுங்குவது குறைவு. ஆனால் பி.எம்.டபிள்யூ., மினி, நிசான் ஆகியவற்றின் சில எஞ்சின்களில் பிளக்கின் தலையே பன்னிரண்டு முனையோடு 14 மி.மீ. அளவில் இருக்கும். அதற்குப் பன்னிரண்டு முனைச் சாக்கெட் மட்டுமே பொருந்தும்.

கேள்வி: தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் பெட்ரோல் பம்பும், புல்வெட்டும் இயந்திரமும், மரம் அறுக்கும் செயின் சாவும் இருக்கின்றன. ஒரே சாக்கெட் போதுமா?
– வாசகர், கூடலூர்

பதில்: போதாது. ஹோண்டா ஜி.எக்ஸ். 160 போன்ற பம்ப் எஞ்சினுக்கு 21, அதே நிறுவனத்தின் ஜி.எக்ஸ். 35 எஞ்சின் பொருத்திய புல்வெட்டிக்கு 16, பெரும்பாலான செயின் சாக்களுக்கு 19. செயின் சாவோடு கொடுக்கப்படும், ஒரு முனையில் திருப்புளியும் மறுமுனையில் குழாயும் உள்ள ஸ்பேனரைத் தொலைக்காமல் வைத்திருங்கள், 19 மி.மீ. பிளக் சாக்கெட் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

கேள்வி: புதுப் பிளக் போட்ட மறுநாளே வண்டி விட்டு விட்டு இழுக்கிறது. சாக்கெட்டினால் பிளக் கெட்டுப்போகுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கெட்டுப்போகும். சாக்கெட்டைத் திருகும் கைப்பிடியான ராட்செட்டைச் சாய்த்துத் திருகும்போது சாக்கெட்டின் உள்சுவர் பீங்கானை நெம்பிவிடும். உடனே கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் உண்டாகி, மின்பொறி அந்த வழியே வெளிப்பக்கமாகத் தாவித் தரையிறங்கிவிடும். முனையில் பொறி வராது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, பீங்கானில் பென்சிலால் கீறியதுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அந்தப் பிளக்கைத் துடைத்து மறுபடி போட முயல வேண்டாம்.

அடுத்த முறை எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு, ராட்செட்டைச் சேர்க்காமல் சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் விரல்களால் மட்டும் திருகி, வாஷர் ஹெட்டில் படும்வரை இறக்குங்கள். விரலுக்கு இறங்காத பிளக் மரை மாறி ஏறுகிறது என்று பொருள். அங்கே ராட்செட்டைப் போட்டால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20, 10 மி.மீ. மரைக்கு 10 முதல் 12 மட்டுமே இறுக்கம் தேவை. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், 14 மி.மீ. மரையுள்ள புதுப் பிளக்கை வாஷர் படிந்த இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று வரை இறுக்கலாம். ஏற்கெனவே ஒரு முறை போட்ட பிளக்கின் வாஷர் நசுங்கியிருப்பதால், அதற்குப் பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்று, அதாவது கடிகாரத்தின் மணி முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும். உங்கள் வண்டியில் மரை 10 மி.மீ. என்றால் நீளக் கைப்பிடியை எடுக்கவே வேண்டாம். வண்டியோடு வந்த குழாய் ஸ்பேனரும் அதன் சிறிய கம்பியும் அந்த வேலைக்குச் சரியாக இருக்கும்.