குழாய்க்குள் ஈரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: கம்ப்ரஸர் மாற்றி, அரை மணி நேரம் வேக்கம் போட்டுத்தான் (பம்பால் குழாயிலுள்ள காற்றை உறிஞ்சியெடுத்துத்தான்) கேஸ் ஏற்றினேன். ஃபிரிட்ஜ் சில மணி நேரம் நன்றாகக் குளிர்கிறது, பிறகு நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறது. கேஸ் குறைவா?

பதில்: கேஸ் குறைந்தால் இப்படி விட்டுவிட்டு வராது. உள்ளே ஈரம் இருக்கிறது. கேப்பிலரி (மெல்லிய குழாய்) போய் எவாப்பரேட்டரில் (குளிரூட்டும் சுருளில்) சேரும் இடத்தில் துளி நீர் உறைந்து வழியை அடைக்கிறது, அணைத்தால் உருகிவிடுகிறது. அடைபட்டிருக்கும்போது சக்‌ஷன் (கம்ப்ரஸர் உறிஞ்சும் பக்க) கேஜின் முள் வேக்கத்துக்கு இறங்கும். அந்த நேரம் பார்த்து இணைப்பின் மேல் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றுங்கள். ‘உஸ்’ என்று சத்தம் வந்து முள் ஏறினால் ஈரம்தான். கேஸ் டார்ச்சின் தீயைக் காட்ட வேண்டாம். உள்ளே இருப்பது ஆர்600ஏ கேஸ் என்றால் தீப்பிடிக்கும்.

இன்னும் கொஞ்சம் கேஸ் ஏற்றிப் பார்ப்பது வீண் வேலை. இருக்கும் கேஸை எடுத்துவிட்டு, டிரையரை (ஈரத்தை உறிஞ்சும் வடிகட்டியை) மாற்றி, வேக்கத்தை முதலிலிருந்து போடுங்கள். புது டிரையரின் மூடியைக் கடைசி நிமிடத்தில்தான் கழற்ற வேண்டும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தையே குடித்துவிடும்.

கேள்வி: அப்படியானால் எவ்வளவு நேரம் வேக்கம் போட வேண்டும்?

பதில்: கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேக்கத்தை மைக்ரானில் அளப்பார்கள்; எண் குறையக் குறைய வேக்கம் ஆழம். சாதாரண மேனிஃபோல்டு கேஜில் (கேஸ் ஏற்றும்போது மாட்டும் அழுத்தமானியில்) 5,000 மைக்ரானும் 500 மைக்ரானும் ஒரே இடத்தில்தான் தெரியும். மைக்ரான் கேஜ் வேண்டும். அதைப் பம்ப் பக்கம் மாட்டாமல் குழாயின் மறுகோடியில் மாட்டுங்கள். 500-க்குக் கீழே வந்ததும் வால்வை மூடிப் பம்பைப் பிரித்து, 10 நிமிடம் கவனியுங்கள். ஓரளவு ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம் மிச்சம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் லீக்.

இறங்கவே மாட்டேன் என்றால் முதலில் பம்ப் ஆயிலைப் பாருங்கள். பால்போல் கலங்கியிருந்தால் அதுவே நீரைக் குடித்திருக்கிறது, மாற்றிவிடுங்கள். அடுத்தது சர்வீஸ் வால்வுக்குள் இருக்கும் சிறு ஊசி (பின்). அதைக் கழற்றி, கால் அங்குல ஹோஸுக்குப் பதில் 3/8 அங்குல ஹோஸாவது போட்டால் வேகம் நன்றாகவே கூடும்.

நீர் நிறைய புகுந்திருந்தால் பெரிய பம்பால் ஒரேயடியாக இழுப்பது ஆபத்து. சுமார் 4,600 மைக்ரானுக்குக் கீழே நீர் பனிக்கட்டியாகி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அது உருகுவதற்காக, 2,000 மைக்ரான் அளவில் நிறுத்தி, ரெகுலேட்டர் வழியாக உலர் நைட்ரஜனை 2, 3 பிஎஸ்ஐ வரை விட்டு, சிறிது நேரம் கழித்து வெளியேற்றுங்கள். இதை இரண்டு முறை செய்து, மூன்றாவது முறை 500-க்குக் கீழே இறக்குங்கள்.

கேள்வி: வேக்கத்தில் இருக்கும்போதே கம்ப்ரஸரை ஓட்டினால் சீக்கிரம் காயுமா?

பதில்: கம்ப்ரஸர் மோட்டாரின் வைண்டிங் (கம்பிச் சுருள்) எரியும். கம்ப்ரஸரை வெளியிலிருந்து மிதமாகச் சூடாக்குங்கள், போதும்.

கேள்வி: பிஓஇ ஆயில் (கம்ப்ரஸருக்கு ஊற்றும் செயற்கை ஆயில்) டப்பா சில நாள் திறந்தே கிடந்தது. ஊற்றிவிட்டு வேக்கம் போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்த ஆயில் நீரைத் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். வேக்கம் அதைப் பிரித்தெடுக்காது. சூடேறும்போது நீரோடு வினைபுரிந்து அமிலமாகும். அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.