2147483647 பகா எண் என்பதால்தான் கணினி அதோடு நின்றுவிடுகிறதா?

இல்லை. புரோகிராமிங் வகுப்பில் யாரோ அடித்துவிட்டதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள் போல. அது பகா எண்தான். கூட்டல் கழித்தல் குறியோடு 32 பிட்டில் (0 அல்லது 1 மட்டும் பிடிக்கும் 32 இடங்களில்) பிடிக்கும் உச்ச எண்ணும் அதுதான். ஆனால் ஒன்றால் மற்றொன்று வரவில்லை.

32 பிட்டில் ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. (கணினி மைனஸ் எண்களை எழுதும் முறையான டூஸ் காம்ப்ளிமென்ட் பற்றிப் பாடம் எடுக்க வருகிறவர்கள் பொறுங்கள், சுருக்கித்தான் சொல்கிறேன்.) 2-இன் 31-ஆம் அடுக்கில் ஒன்று குறைத்தால் இந்த எண். இதே கணக்கில் 16 பிட்டின் உச்சம் 32767; அது 7 × 31 × 151. 64 பிட்டின் உச்சமும் 7-ஆல் வகுபடும். அவை பகா எண்கள் இல்லை, கணினிக்கு ஒரு குறையும் இல்லை.

2147483647 பகா எண் என்று 1772-இல் நிறுவியவர் கணித மேதை ஆய்லர், கண்பார்வை ஏறக்குறைய போய்விட்ட காலத்தில். வர்க்கமூலம் 46340 சொச்சம் என்பதால் அதுவரை காரணி தேடினால் போதும். அதிலும் 248-ஆல் வகுத்து மீதி 1 அல்லது 63 வருகிற எண்களை மட்டும் பார்த்தால் போதும் என்று கண்டுகொண்டார். நானூறு வகுத்தலுக்குள் வேலை முடிந்தது. எனக்கு இந்த எண்ணில் பிடித்ததே அந்தக் கெட்டிக்காரத்தனம்தான்.

நான் மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அங்கே ஒரு மெஷின், சீனப் பெருநாள் மூடலுக்குப் பிறகு ஓடவிட்டால் மாதம் முடிவதற்குள் ஒருநாள் சும்மா நின்றுவிடும். அலாரம் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஆஃப் செய்து போட்டால் ஓடும். எஞ்சினியர்கள் சென்சரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள். ஒரு நைட் ஷிஃப்டில் மெஷின் தன் ஓட்டத்தைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். நேரம் இருக்கவேண்டிய இடத்தில் −2147483648! மில்லி வினாடியாக எண்ணிக்கொண்டே போனால் 24 நாள் 20 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, அடுத்த எண்ணில் மைனஸுக்குக் குப்புற விழும். அடுத்த வேலைக்கு நேரம் வரவில்லை என்று மெஷின் காத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ரிப்போர்ட்டில் வேறொருவர் பெயர். டிப்ளமோக்காரன் கண்டுபிடித்தால் எழுத மாட்டார்கள் போலும். பெருமைக்காகச் சொல்லவில்லை, கொஞ்சம் பெருமையும்தான். அதைக்கூட விடுங்கள், பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை. அன்றைக்கும் ஷிஃப்டுக்கு முதலில் எழுதுவது நம்ம பெயரைத்தான். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றால் "ஆள் பத்தாது லா" என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1970-இலிருந்து வினாடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய சிஸ்டங்கள் எல்லாம் 2038 ஜனவரி 19, மலேசிய நேரம் காலை 11:14:07-க்கு இதே எண்ணைத் தொடும். உங்கள் ஆபீஸில் அப்படி ஏதாவது ஓடுகிறதென்றால் இப்போதே 64 பிட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். பகா எண்ணா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.