கோடை லீவில் கடை வேலைக்குப் போனால் பையன் படிப்பு கெடுமா?

பத்தாவது போகப்போகும் மகன் லீவில் வேலைக்குப் போகிறேன் என்கிறான், விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடுங்கள். ஆனால் மார்க் கூடும் என்று எதிர்பார்த்து அனுப்பாதீர்கள்.

நானும் ஒன்பதாவது முடித்த லீவில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் மாமாவின் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனவன்தான். கணக்கு மார்க் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏறியது கன்னடம்! பெங்களூரில் நாங்கள் இருந்த ஸ்ரீராமபுரத்தில் வீட்டிலும் தெருவிலும் தமிழ்தான். கன்னடம் எனக்குப் பரீட்சைக்கு மட்டும். முழு ஆண்டில் நூற்றுக்கு 38.

கடையில் வயர் அளந்து கொடுப்பது என் வேலை. ஒரு வயர் சுருள் 90 மீட்டர். மேஜை விளிம்பில் அடித்திருந்த பித்தளை ஸ்கேலில் இழுத்து அளந்து, மீதியை அட்டையில் எழுத வேண்டும். ஒருநாள் ஒரு எலக்ட்ரீஷியன் கன்னடத்தில் 'ஹதினெண்டு', அதாவது பதினெட்டு, என்றார். நான் ஹதினேளு என்று எடுத்துக்கொண்டு 17 மீட்டர் வெட்டிவிட்டேன். சாயங்காலம் ஒரு மீட்டர் குறைந்த வயரோடு வந்து நின்றார். "காதை வீட்டுலயே வெச்சுட்டு வந்தியாடா?" என்றார் மாமா. அப்புறம் எலக்ட்ரீஷியன்கள் கொண்டுவரும் கன்னடச் சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். அரையாண்டில் 61. டியூஷனால் ஆகாத காரியம்.

நியூயார்க் நகரில் 14 வயதிலிருந்தே கோடை வேலை கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. கூட்டம் அதிகம் என்பதால் குலுக்கல். வேலை கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிடைத்தவர்கள் அடுத்த வருஷம் பள்ளிக்கு வருவது கொஞ்சம் கூடியிருந்தது. அதிலும் முன்பு அடிக்கடி மட்டம் போட்ட, 16 வயது தாண்டிய பிள்ளைகள் நாலைந்து நாள் கூடுதலாக வந்தார்களாம். கேட்கச் சின்னதுதான். ஆனால் மட்டம் போடுகிற பையனைப் பெற்றவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

கெடுவது ஸ்கூல் திறந்த பிறகும் வேலை தொடர்ந்தால்தான். கையில் காசு பார்த்த என் கூட்டாளி ஒருவன் ஜூனிலும் சாயங்காலங்களில் போனான். ராத்திரி பத்துக்கு வீடு, காலையில் முதல் பீரியடிலேயே தூக்கம். அரையாண்டில் இரண்டு பாடம் போச்சு.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 14 முடியாத பையனை வெளியார் கடையில் வைப்பதே குற்றம். 14 முதல் 18 வரை என்றால் ஆபத்தான வேலை கூடாது. இடைவேளை சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான், இரவு 7 முதல் காலை 8 வரை அறவே கூடாது. மே கடைசியில் நின்றுவிடுவான் என்பதையும் சேரும் அன்றே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள். பையன் எதிரிலேயே சொல்லுங்கள்.