6,500 ரூபாய்க்குப் 'பதிவு' கிடைக்குமா?

கேள்வி: திருக்கோவிலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். டிப்ளோமா முடித்து இரண்டு வருடம். மட்டக்களப்பில் உளவளத்துணையாளர்களுக்கு ஒருநாள் சந்திப்பும் கற்றலும் என்று வட்ஸ்அப்பில் வந்தது. கட்டணம் 6,500 ரூபாய். அந்தச் சான்றிதழோடு 'பதிவு பெற்ற உளவளத்துணையாளர்' என்று போடலாமாம். போகட்டுமா?

பதில்: தங்கச்சி, அந்தச் செய்தியில் 'பதிவு' என்ற சொல்லை அழித்துவிட்டு இன்னொருமுறை வாசியுங்கள். அதற்குப் பிறகும் போக மனம் வந்தால் போங்கள்.

இலங்கையில் உளவளத்துணையாளருக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கும் அரச சபை கிடையாது. சங்கங்கள் உண்டு, அவை தருவது உறுப்புரிமை மட்டும். மருத்துவ உளவியலாளருக்கு மருத்துவ சபையில் பதிவு இருக்கிறது. அது பட்டமேற்படிப்பு முடித்தவர்கள் போகும் பாதை. மீன் விற்கவும் அனுமதி கேட்கும் நாட்டில் மனக்காயத்தைத் தொடுகிற தொழிலுக்கு இத்தனை வருடமாக ஒரு சட்டம் வரவில்லை. அந்த ஓட்டைக்குள்தான் சான்றிதழ் தரகர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

ஒருநாள் பயிற்சியின் லட்சணத்தைச் சுனாமிக்குப் பிறகு கண்ணால் கண்டவன் நான். காலையில் மண்டபத்தில் படித்தவர் பின்னேரம் முகாமில் ஒரு தாயிடம் "நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்லுங்க" என்று குந்தியிருந்தார். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைத்தால் பிற்பாடு வரும் பாதிப்பைத் தடுக்கலாம் என்பது சரியல்ல என்று ஆய்வுகள் அதற்கு முன்னமே காட்டியிருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் வற்புறுத்திக் கதைக்கவைக்காதீர்கள் என்கிறது. அந்தத் தாய்க்கு அன்றைக்கு வேண்டியிருந்தது காணாமல்போன மகனின் பெயர் எந்த ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருக்கிறது என்ற தகவல்.

ஒரு விலக்கு உண்டு, அதையும் தரகர்கள் பாவிப்பார்கள் என்பதால் விரித்தே சொல்கிறேன். சில சிகிச்சை முறைகளைக் கட்டம் கட்டமாகத்தான் படிப்பிப்பார்கள். இ.எம்.டி.ஆர். என்பதை எடுங்கள், கண்ணை இடமும் வலமும் அசைக்கவைத்து மனக்காயத்துக்குச் செய்யும் சிகிச்சை அது: அமெரிக்காவிலுள்ள அதன் சங்கம் அடிப்படைப் பயிற்சிக்குக் கேட்பது 50 மணித்தியாலம். 20 பாடம், 20 செய்முறை, 10 அனுபவசாலியோடு உங்கள் கேஸ்களை வைத்துக் கதைப்பது. இப்படியான நீண்ட பயிற்சியில் ஒருநாள் ஒரு படியாக இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் மிச்சப் படிகள் எப்போது, எங்கே, யார் நடத்துவது என்று எழுத்தில் தரவேண்டும். "பிறகு சொல்றம்" என்றால் படி இல்லை, வெறும் பலகை.

சரி, சந்திப்பால் பயனே இல்லையா? இருக்கிறது, தேநீர் இடைவேளையில். கிரானிலோ பொத்துவிலிலோ தனியாக இருப்பவரின் தொலைபேசி இலக்கம், எந்த ஆஸ்பத்திரியில் மனநல கிளினிக் எந்த நாள், எந்த நன்னடத்தை உத்தியோகத்தர் அழைத்தால் எடுப்பார் என்பதெல்லாம் கொப்பியில் எழுதவேண்டிய விஷயம். 1926 மனநல உதவி, 1929 சிறுவர், 1938 பெண்கள் என்ற உதவித் தொலைபேசி இலக்கங்கள் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு உள்ளூரில் யார் என்பதுதான் தெரியாமல் தவிக்கிறோம்.

அங்கே கேஸ் சொல்லச் சொல்வார்கள், கவனம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். "தம்பிலுவில்ல ஒரு ரீச்சர், புருஷன் கட்டார்ல" என்றாலே மூன்றாவது வரிசையில் இருப்பவருக்கு ஆள் விளங்கிவிடும். தொழில், ஊர், குடும்ப விபரம் மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள். வட்ஸ்அப் குழுவில் அதுவும் வேண்டாம்.

மொழியையும் கேளுங்கள். கொழும்பிலிருந்து ஆங்கில ஸ்லைட் கொண்டுவந்து, மூன்று மணிக்கே போட்டோ எடுத்து முடிக்கிற நிகழ்வுக்கு விடியப்புறம் பஸ் ஏறத் தேவையில்லை.

ஒழுங்கமைப்பாளருக்கு இன்றைக்கே ஒரு வரி அனுப்புங்கள்: "எந்தச் சட்டத்தின் கீழ், எந்தச் சபையில் பதிவு?" இரண்டு நாளில் பதில் வராவிட்டால் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் உங்களைப்போல நாலு பேரைப் பிடித்து, மாதம் ஒரு சனிக்கிழமை கதவு பூட்டக்கூடிய ஒரு அறையில் இருந்து கதையுங்கள். பஸ் காசும் பிளேன்டீயும்தான் செலவு. அனுபவமுள்ள ஒருவரை மேற்பார்வைக்குக் கூப்பிடலாம். மேற்பார்வை என்றதும் கங்காணி ஞாபகம் வரவேண்டாம், உங்கள் கேஸை உங்களோடு சேர்ந்து பார்ப்பவர்தான் அவர்.