திறந்தவெளி டெக் இரண்டே மழையில் வீணானால் விற்றவர் பொறுப்பா?

கேள்வி: வீட்டின் பின்புறம் திறந்தவெளியில் மரப்பலகை டெக் (பலகை அடித்த மேடை) போட்டோம். எங்கள் பகுதியில் கோடையில் கடும் வெயில், அப்புறம் மாதக்கணக்கில் மழை, குளிர்காலத்தில் உறைபனி. ‘எல்லாப் பருவத்தையும் தாங்கும், 10 ஆண்டு வாரண்டி’ என்று கேட்லாக்கில் இருந்ததை நம்பினோம். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் பலகைகள் வளைந்துவிட்டன. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துவிட்டன. அடிச்சட்டத்தின் ஒரு மூலை கை வைத்தாலே உதிர்கிறது. விற்றுப் பொருத்திக் கொடுத்தவரோ, ‘வாரண்டி பலகைக்குத்தான்; வளைந்தது மழையால்’ என்கிறார். வழக்குப் போடலாமா? எல்லாவற்றையும் பிரித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிரிக்காதீர்கள். அந்த உதிர்ந்த மூலைதான் உங்கள் வழக்கின் முதல் சாட்சி. அது விறகாகிப் போனபின் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்கள் கையில் இருந்தது வெறும் பில்தான். ஆபத்தான பகுதியில் யாரும் கால் வைக்காதபடி தடுத்துவிட்டு, அப்படியே விடுங்கள்.

பிறகு அருகில் உட்கார்ந்து பாருங்கள். அடிச்சட்டத்தின் வெட்டுமுனையில் வைரம் (மரத்தின் நடுவிலுள்ள கெட்டிப் பகுதி) இருக்கிறதா, வெளிறிய வெள்ளைப் பகுதியா? எவ்வளவு உசத்தியான மரமானாலும் வெள்ளைப் பகுதி ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். செம்பு கலந்த மருந்தேற்றிய மரத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ போட்டால், அந்த மருந்தே ஸ்க்ரூவை அரிக்கும். பலகைகள் மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த வகையா? அவை வெயிலில் நீளவாக்கில் நீளும், குளிரில் சுருங்கும். முனைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் நெருக்கி அடித்திருந்தால் வளையத்தான் செய்யும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ‘மழையால்’ என்ற பதில் இங்கேதான் உடைகிறது. மழை எல்லா டெக்கிலும்தான் பெய்கிறது. கேடு மரத்தில் இருந்தால் அது பொருளின் குறைபாடு, பொருத்தியதில் இருந்தால் சேவைக் குறைபாடு. விற்றவரும் பொருத்தியவரும் ஒருவரே என்பதால், ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து அவர் தப்ப முடியாது. அடிச்சட்டத்துக்குத் தனி வாரண்டி இல்லை என்பதும் எடுபடாது. எழுதிக் கொடுத்த வாரண்டி போக, சட்டமே ஏற்றி வைக்கும் பொறுப்பு ஒன்று இருக்கிறது.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16: இன்ன பயன்பாட்டுக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தப் பயன்பாட்டுக்கு ஓரளவு நியாயமாகத் தகுந்ததாக இருக்க வேண்டும். வெயில், மழை, உறைபனி பற்றி நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் தேடி எடுங்கள். ஒன்று கவனியுங்கள்: ‘இன்ன பிராண்டுதான் வேண்டும்’ என்று நீங்களாகவே பெயர் சொல்லி வாங்கியிருந்தால் இந்தப் பிரிவின் பலம் குறைந்துவிடும்.

அந்தக் கேட்லாக் பத்திரம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47)-இன்படி, ஒரு பொருள் இத்தனை காலம் உழைக்கும் என்று முறையான சோதனை இல்லாமல் பொதுமக்களுக்கு உத்தரவாதம் தருவது நேர்மையற்ற வணிக நடைமுறை. ‘சோதித்துத்தான் சொன்னோம்’ என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், அதை நிரூபிக்கும் சுமை அவர்கள் தலையில்தான். என் கணிப்பில் உங்களுக்கு இருக்கும் வலுவான பிடி இதுவே.

வழக்கு, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே போடலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பொருளின் குறையைச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாது என்று தோன்றினால், ஆணையம் மாதிரி எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும். செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புதிய டெக் பற்றி ஒரு வார்த்தை. இந்த முறை ஆர்டர் தாளிலேயே எழுதி வாங்குங்கள்: என்ன மரம், வைரப் பகுதியா, என்ன மருந்து ஏற்றியது, அடிச்சட்டம் எதில், ஸ்க்ரூ துத்தநாகம் பூசியதா ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பலகை இடைவெளி எவ்வளவு. வாரண்டி அடிச்சட்டத்துக்கும் பொருத்தும் கூலிக்கும் சேர்த்தா என்பதும் அதில் வரட்டும்.

டெக் முடிந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. பில்லை எடுத்துப் பாருங்கள். வழக்குப் போடக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தாக்கலாகியிருக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸ் அனுப்பியதால் அந்த 2 ஆண்டுக் கெடு நீளாது. அதனால் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.