பழைய சிகரெட் அட்டைகளுக்குக் கிரேடிங் தேவையா?

கேள்வி (வெள்ளவத்தை வாசகர்): அப்பப்பாவின் தகரப்பெட்டியில் 1938இல் ஜோன் பிளேயர் என்ற ஆங்கிலேயச் சிகரெட் நிறுவனம் தன் பெட்டிகளோடு வெளியிட்ட கிரிக்கெட் வீரர் அட்டைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவின் டொன் பிரட்மனும் உண்டு. எல்லாவற்றையும் அமெரிக்காவுக்கு அனுப்பிக் கிரேட் செய்து எடுப்பதா, இப்படியே வைத்திருப்பதா?

பதில்: எல்லாவற்றையும் அனுப்பவே வேண்டாம். பிஎஸ்ஏ, எஸ்ஜிசி போன்ற நிறுவனங்கள் அட்டையைப் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளியிட்டு, கெட்டியான பிளாஸ்டிக் ஸ்லாப்பில் அடைத்துத் தருகின்றன. கட்டணம் ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனி. 50 அட்டைகள் கொண்ட இந்தத் தொகுதி ஏராளமாக அச்சானது. சாதாரண வீரரின் அட்டை விற்கும் விலை அந்தக் கட்டணத்துக்கே காணாது. பிரட்மனை மட்டும் யோசியுங்கள்.

முதலில் வீட்டிலேயே சோதியுங்கள். செட்டியார் தெரு நகைக்காரர் கண்ணில் வைக்கிறாரே, அந்த 10 மடங்கு உருப்பெருக்கி போதும். பின்பக்க எழுத்தைப் பாருங்கள்: மை இடைவெளியின்றி நிறைந்திருக்க வேண்டும். எழுத்தே புள்ளி புள்ளியாக உடைந்து தெரிந்தால் அது ஸ்கேன் செய்த மறுஅச்சு. அடுத்து, அட்டையை அதே தொகுதியின் இன்னொன்றோடு விளிம்பு ஒட்ட அடுக்குங்கள். இந்த அளவு அட்டை ஏறத்தாழ 36 × 68 மி.மீ. இருக்கும். பிரட்மன் மட்டும் அரை மில்லிமீற்றர் குறைந்து, அந்த விளிம்பு மற்றவற்றைவிட வெள்ளையாகத் தெரிந்தால் மூலை தேய்ந்ததை மறைக்க யாரோ வெட்டியிருக்கிறார்கள். அப்படியானதற்குப் புள்ளி கிடைக்காது, கட்டணமும் திரும்பாது. கடைசியாக டோர்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேரே தெரியாத மடிப்பு அப்போது கோடாக எழும்பும். ஒரு மடிப்பு போதும், புள்ளி கீழ்ப்பாதிக்கு இறங்கிவிடும்.

எல்லாம் தேறினால், நீங்கள் எதிர்பார்க்கும் புள்ளிக்கு ஒன்று குறைவான அட்டை உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று தேடுங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதிலிருந்து கிரேட் இல்லாத அட்டையின் விலையைக் கழியுங்கள். அந்த மிச்சத் தொகை, கட்டணமும் இருவழிக் கூரியரும் காப்புறுதியும் சேர்ந்த கூட்டுத்தொகையைப் போல இரண்டு மடங்காவது இல்லையென்றால் அனுப்பாதீர்கள். அனுப்பினால், படங்களையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் வைத்திருங்கள். பொதி திரும்பும்போது சுங்கத்தில் காட்ட உதவும்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. இந்தத் தொகுதியின் பின்பக்கம், அல்பத்தில் ஒட்டுவதற்காகவே பசை பூசப்பட்டது. கடலோரக் காற்றில் அந்தப் பசை இளகி, அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இன்றே தனித்தனியாக்குங்கள். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்க வேண்டாம், ஆவியும் காட்ட வேண்டாம். இழுத்தால் மேலட்டையின் எழுத்து கீழட்டையின் முகத்தோடு உரிந்து போய்விடும். பிரிந்தவற்றை பொலிப்ரொப்பிலீன் உறையில் இடுங்கள். பீவீசி உறை வெப்பத்தில் எண்ணெய்ப் பிசுக்காகும். அவற்றைக் காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறிதளவு போட்டு, சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள். 45 – 50 சதவீதம் நல்லது. மிகவும் குறைந்தால் அட்டை சுருளக்கூடும், ஜெல்லைக் குறையுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை வாசகர்): ஸ்லாப்பில் இருக்கும் அட்டையை நம்பி வாங்கலாமா?

பதில்: ஸ்லாப்பையே போலியாகச் செய்கிறார்கள். ஸ்லாப்பில் அச்சிட்டுள்ள சான்றிதழ் இலக்கத்தைக் கிரேட் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டுப் பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது. உண்மையான இலக்கத்தையே திருடி அச்சிடுவார்கள். அங்கே படம் இருந்தால் இடது, வலது ஓரங்களின் அகலத்தையும், ஏதாவது ஒரு சின்னக் கறை இருக்கும் இடத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு அட்டைகளில் அவை ஒன்றுபோல இருக்காது. ஸ்லாப்பின் பொருத்து விளிம்பு வெண்மை பூத்தோ கீறல் விழுந்தோ இருந்தால் திறந்து மூடியிருக்கலாம், விட்டுவிடுங்கள். வாங்கிய பிறகும் அதே சிலிக்கா ஜெல் பெட்டிதான், ஏனென்றால் ஸ்லாப்புக்குள் ஈரக்காற்று போகும்.